கரம் போர்ட்டுக்கு எத்தனை கிலோவாட்?

ஜெர்மனியில் கராஜ் என்பது காருக்கென்று கட்டிக் கொடுத்த வீடு. அதில் கார் மட்டும்தான் குடியிருக்கலாம். மேசை கதிரை போட்டு மனிதர் குடியேறினால் அக்கம்பக்கத்தாருக்கு நித்திரை வராது. எங்கள் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் நாயோடு நடக்கப் போகும்போதெல்லாம், தெருவில் நிற்கும் என் காரை ஒரு தரம் பார்ப்பார், சாத்தியிருக்கும் என் கராஜை ஒரு தரம் பார்ப்பார், பிறகு என்னைப் பார்த்து மிக மரியாதையாக வணக்கம் சொல்லுவார். அந்த வணக்கத்துக்குப் பதிலாக அவர் நன்றாக ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.

கராஜுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கோடைகாலத்து டயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஒரு கரம் போர்ட். சுற்றிவர நாலு கதிரை. போர்ட்டுக்கு நேர்மேலே வயரில் தொங்கும் பழைய மஞ்சள் பல்ப். மூலையில் என் மனைவியின் டீப் பிரீசர், அதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான மீன். சுவர் மூன்றும் கொங்கிரீட், முன்பக்கம் தகரக் கதவு. அந்தக் கதவுக்குக் கீழே ஒரு பூனை தலை குனியாமல் உள்ளே வரலாம். பிராங்பேர்ட்டைச் சுற்றியுள்ள எங்கள் ஆட்களின் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமான ஏற்பாடு இல்லை.

இந்த ஏற்பாடு எல்லாம் அத்தானுக்காக. என் அக்காவின் கணவர். கரம் ஆட்டத்தில் இந்த வட்டாரத்தில் அவரை வென்றவர்கள் இல்லை என்றே சொல்லலாம். வென்ற ஓரிருவர் இருந்தாலும், அன்றைக்கு போர்ட் சரிந்திருந்தது என்று அவர் நிரூபித்துவிடுவார். போன கோடையில் பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை, அது எங்கள் தலைவிதி. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

"தம்பி, அந்தக் கைக்குச் சூடு தெரியாது. எரிஞ்சாலும் சொல்லமாட்டார். கவனம்" என்று அக்கா என்னிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பாள். சுடுதண்ணீர்ப் போத்தலைக்கூட அந்தப் பக்கம் வைக்க விடமாட்டாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஜெர்மன் பெண் பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அத்தான் அதை அலுமாரிக்கு மேலே எறிந்தார். தன்னைச் சின்னப் பிள்ளையாக்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. ஆனால் கரம் போர்ட்டைக் கண்டால் ஆள் வேறு. இடது கையால் வலது கையைத் தூக்கிக் கோட்டில் வைப்பார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். ஆள்காட்டி விரலை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவார். ஸ்ட்ரைக்கர் ஒரு சாண் தூரம் போகும். அந்த ஒரு சாணைக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பெண், பந்து வேண்டாம், இதை மட்டும் விடாதீர்கள் என்றாள். கை திரும்புவதென்றால் இந்தச் சில மாதங்களில்தான் திரும்பும், பிறகு கடினம் என்றும் சொன்னாள்.

அப்படியென்றால் வீட்டுக்குள் சூடான வரவேற்பறையில் வைத்து விளையாடலாமே என்று யாரும் கேட்பார்கள். காய் வழுக்கத் தூவும் மா தரையெல்லாம் கொட்டுகிறது என்று முன்பு எங்களைத் துரத்திய என் மனைவியே வந்து கூப்பிட்டாள். அத்தான் மறுத்துவிட்டார்.

"வீட்டுக்குள்ளை ஏலாது மச்சான். உன்ரை மனுசி தேத்தண்ணி கொண்டாற சாட்டிலை என்ரை கையைப் பாப்பா. உன்ரை அக்கா பாத்துப் பாத்து அழுவா. கராஜுக்கை எண்டா வாறன். இல்லாட்டி விடு."

நவம்பர் வந்தது. கராஜுக்குள் நாங்கள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அத்தானின் விரல்கள் கல்லாக இறுகிவிட்டன. இடது கையால் எவ்வளவு முயன்றும் அவரால் பிரிக்க முடியவில்லை. நான் உதவிக்குப் போனேன், தட்டிவிட்டார்.

"விடு மச்சான். சித்திரைக்குப் பிறகு பாப்பம்."

சித்திரைக்குள் அந்தப் பெண் சொன்ன மாதங்கள் எல்லாம் போய்விடும். அது அவருக்கும் தெரியும். எனக்குப் பயம் பிடித்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். கதிரையைக் காலால் தள்ளிவிட்டு, இந்தக் கராஜுக்கு ஒரு மின்சார ஹீட்டர் வாங்காமல் விடப்போவதில்லை என்று அறிவித்தேன்.

ஹீட்டர் வாங்குவது ஒருவர் செய்யக்கூடிய வேலை. நாங்கள் நாலு பேர் இருந்தோம். அதுதான் வினை.

மூன்றாவது ஆள் சென்னைத் தம்பி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார், ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறார், எதையும் கணக்குப் போடாமல் வாயில் வைக்கமாட்டார். நாலாவது ஆள் மண்டபக்காரர். எங்கள் ஆட்களின் கல்யாணம், சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் மண்டபமும் சாப்பாடும் கொடுப்பவர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ஆகவே எல்லாவற்றிலும் தனக்கே அனுபவம் என்று நினைப்பவர்.

"அண்ணா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. சைஸிங்தான் மேட்டர். நான் கால்குலேட் பண்றேன்" என்றார் சென்னைத் தம்பி.

அளவு நாடாவோடு வந்தார். நீளம் எடுத்தார், அகலம் எடுத்தார். பிறகு வைத்தியர் நாடி பிடிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார்.

"மேல ஃப்ளோர் இருக்கா அண்ணா, இல்ல மொட்டை மாடியா?"

"மேலை ஆகாயம்."

"இது மேற்கு பாத்த சுவரா?"

"ஏன் தம்பி?"

"சாயங்கால வெயில் அடிக்குமான்னு பாக்கணும்."

நவம்பர் மாதத்தில், பிராங்பேர்ட்டில், சாயங்கால வெயில். சூரியன் கடைசியாக எப்போது வந்தது என்று நாங்கள் விவாதிக்கிற காலம். வெயிலே இல்லை என்றேன்.

"வெயிலே படலையா? சூப்பர். அப்ப சின்ன சைஸே தாராளம். ஒரு கிலோவாட் போதும்."

அவர் போனில் பல நிறங்களில் அட்டவணை காட்டினார். நிறம் நிறமாக ஒன்றைக் காட்டினால் நான் நம்பிவிடுவேன். ஹீட்டர் வந்தது. பாண் சுடும் டோஸ்டர் அளவில் இருந்தது. போட்டுவிட்டு நாலு பேரும் காத்திருந்தோம். என் இடது கணுக்காலுக்கு மிகவும் சுகமாக இருந்தது. மற்றபடி யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"மச்சான், இதை ஆரடா அனுப்பினது? பொம்மைக் கடைக்காரனோ?" என்றார் அத்தான், கையைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுக்காமலே.

சென்னைத் தம்பி போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மாறியது.

"அண்ணா... இது எங்க வீட்டுல ஏசி வாங்குறப்ப போட்ட கணக்கு."

விஷயம் இதுதான். பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரு அறை என்றால் அதைக் குளிராக்குவதுதான் மனிதனின் பிரச்சினை. வெயில் அடிக்கும் சுவர் என்றால் அரை டன் கூட்டு, நிழல் என்றால் அரை டன் குறை. அந்தச் சூத்திரத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து என் கராஜுக்குப் போட்டுவிட்டார். வெயில் படாத இடத்துக்குச் சின்ன ஹீட்டர்! அதைக் கேட்டுத் தலையாட்டி வாங்கியவன் நான். நானும் வெயில் ஊரில் பிறந்தவன்தான், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கூரையின் உயரத்தை அளக்கவே இல்லை என்பதையும், கதவுக்குக் கீழே உள்ள பூனை வாசலையும் நாங்கள் பிறகுதான் நினைத்துப் பார்த்தோம்.

அடுத்த முறை மண்டபக்காரருடையது. அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தம்பியவை, நான் சொல்லுறது ஒண்டுதான். நூறு பேர் வாறம் எண்டு சொன்னா நூற்றைம்பது பேருக்குச் சமை. மிஞ்சினாப் பரவாயில்லை. குறைஞ்சா மானம் போயிடும்."

நாங்கள் சாம்பாருக்குக் கடைப்பிடிக்கும் அந்த வேதத்தை அவர் மின்சாரத்துக்கும் கடைப்பிடித்தார். குளிர்காலக் கல்யாணங்களுக்கு மண்டப வாசலில் கூடாரம் போட்டால் அதைச் சூடாக்க வைத்திருக்கும் இயந்திரத்தை வான் வண்டியில் ஏற்றி வந்தார். ஒன்பது கிலோவாட். சக்கரம் வைத்தது. இறக்குவதற்கு எங்கள் மூன்று பேருடைய இடுப்பும் தேவைப்பட்டது. அதன் வயரின் நுனியில் ஐந்து கால் வைத்த சிவப்புப் பிளக் ஒன்று, ஒரு பெரிய தோடம்பழ அளவில். என் கராஜில் இருந்தது ஒரேயொரு சாதாரண சொக்கெட். அதிலும் டீப் பிரீசர் ஏற்கெனவே குடியிருந்தது.

"இதுக்கு மூண்டு பேஸ் கரண்ட் வேணும் அண்ணை" என்றேன்.

"அதை இழுத்து எடு தம்பி. ஒரு சின்ன வேலைதானே."

அந்தச் சின்ன வேலைக்கு மின்சார வேலைக்காரரிடம் கேட்டேன். அவர் மிகவும் அன்பாக ஏப்ரல் மாதத்தில் ஒரு டெர்மின், அதுதான் அவர் வரும் நாள், குறித்துத் தந்தார். குளிருக்கு வழி கேட்டால் வசந்தத்தில் வந்து பூட்டித் தருவதாகச் சொல்லும் தேசம் இது. ஒன்பது கிலோவாட் கராஜின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மண்டபக்காரருடைய தேத்தண்ணிக் கோப்பையை வைக்க அது நல்ல உயரமாக இருந்தது. அத்தான் இரண்டு கிழமையாக வரவில்லை. அந்த எருமை வேண்டாம், ஹீட்டர் வந்தபிறகு சொல்லு என்று அக்காவிடம் சொல்லிவிட்டாராம். அக்கா போனில் அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் சரியில்லை.

இனி யாருடைய அறிவும் வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று முடிவெடுத்தேன். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து வாசித்தேன். தரையின் அளவு மட்டும் போதாது, உயரத்தையும் சேர்த்துக் கன அளவு பார்க்க வேண்டும். வெளியே எவ்வளவு குளிர், உள்ளே எவ்வளவு சூடு வேண்டும் என்ற வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். சுவருக்குள் சூட்டைப் பிடித்து வைக்கும் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கராஜில் பஞ்சு இல்லை, சூட்டை வெளியேற்றும் ஆர்வம் மட்டும் இருந்தது. எல்லாம் போட்டுப் பார்த்தால் நாலு, ஐந்து கிலோவாட் வந்தது. என் சொக்கெட்டோ மூன்றரையைத் தாண்டினால் கைவிரித்துவிடும், பழைய வயர் என்றால் அதற்கும் முன்பே. ஆகவே ஒன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவிலே நின்று, காற்றோடு சூட்டை ஊதும் இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்றை வாங்கினேன். நடுவில் நிற்பவன் புத்திசாலி என்று நம்புகிற வயது எனக்கு. கூடவே, ஏற்கெனவே வாங்கியதை ஏன் வீணாக்க வேண்டும் என்று பழைய டோஸ்டரையும் அதே சொக்கெட்டில் செருகினேன்.

அன்று அத்தான் வந்தார். அக்கா அவரைக் கொண்டுவந்து கதிரையில் இருத்திவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அந்தக் கைக்குச் சூடு தெரியாது. ஆகவே ஹீட்டரை அவருக்குக் கிட்ட வைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில், போர்ட்டின் உயரத்துக்கு, ஒன்பது கிலோவாட்டின் தலையில் வைத்து அவரைப் பார்த்துத் திருப்பினேன். காய்கள் வழுக்கிப் போகவேண்டும் என்று போர்ட்டில் உருளைக்கிழங்கு மாவைத் தாராளமாகத் தூவினேன். பிறகு, ஒரு அமைச்சர் மின்நிலையம் திறப்பதுபோல, பொத்தானை அழுத்தினேன்.

மா முழுவதும் எழுந்தது. அப்படியே ஒரு சுவர்போல எழுந்து அத்தானுடைய முகத்தில் போய் அப்பியது. மிச்சம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு. ஒருவர் தும்ம, மற்றவர் இரும, அந்த நேரம் பார்த்து டீப் பிரீசரும் தன் கடமையைத் தொடங்க, பியூஸ் போய்விட்டது. இருட்டு.

"இஞ்சருங்கோ!" என்று வீட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "மீன் உருகினா எல்லாத்தையும் நீங்கள்தான் திண்டு முடிக்கவேணும்!"

மூச்சு முட்டிக் கதவைத் தூக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு சரியாக எங்களுக்கு முன்னால் நின்றார். சாத்திய கராஜுக்குள்ளிருந்து முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு நாலு பேர், அதுவும் போதைத்தூளுக்குப் பேர்போன பிராங்பேர்ட்டில். நாய்கூடக் குரைக்கவில்லை.

"கார் திருத்துறம்" என்று அத்தான் அவருக்கு அழகான ஜெர்மனில் சொன்னார். கார் தெருவில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வழக்கமான வணக்கத்தைச் சொல்லிவிட்டு நடந்தார்.

பியூஸைச் சரிசெய்து பல்பைப் போட்டோம். ஹீட்டரைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. நான் எல்லோருக்கும் ஏசத் தொடங்கினேன். சென்னையின் வெயிலிலிருந்து தொடங்கி மண்டபத்துச் சாம்பார் வழியாக வந்துகொண்டிருந்தபோது, அத்தான் இடது கையை மேலே தூக்கி அந்த மஞ்சள் பல்புக்குக் கீழே காட்டிக் குளிர் காய்வதைக் கண்டேன். பிறகு அந்த இடது கையாலேயே வலது மணிக்கட்டைப் பிடித்து, அதையும் பல்புக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அத்தான், கவனம்! சுடும்!"

"சுடட்டும்" என்றார். "சுட்டது தெரிஞ்சா நல்லதுதானே."

நான் ஏசிக்கொண்டிருந்தது எதைப் பற்றி என்பதே எனக்கு மறந்துவிட்டது. கையை அவர் தானே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை, அழுகை.

ஆனால் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எங்கள் முழு மடைத்தனமும் விளங்கியது. கராஜுக்கு எத்தனை கிலோவாட் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டோம். கராஜுக்குக் குளிர்கிறது என்று யார் சொன்னது? டயர் கேட்கவில்லை. டீப் பிரீசர் நிச்சயமாகக் கேட்கவில்லை. சூடு வேண்டியிருந்தது ஒரு கரம் போர்ட்டுக்கும் அதன்மேல் வைக்கும் நாலு கைகளுக்கும். ஆயிரம் வாட் பூனை வாசலால் போனால் போகட்டும், சூடு மேலேயிருந்து வெளிச்சம்போல நேராக இறங்கினால் போதும்.

கட்டடச் சாமான் கடைக்குப் போனேன். காற்று ஊதாமல் கதிரால் சூடாக்கும் தட்டையான ஹீட்டர் வேண்டும் என்றேன். கடைக்காரப் பையன், சூடாக்கும் இடம் எவ்வளவு பெரிது என்று கேட்டான். கைகளை விரித்து ஒரு கரம் போர்ட்டைக் காட்டினேன். நாய்க்கூடா என்று கேட்டான். கிட்டத்தட்ட என்றேன். அறுநூறு வாட் ஒன்று கொடுத்தான். பழைய ஹீட்டர் எல்லாவற்றையும்விடச் சின்னது அது. அதைப் பல்புக்குப் பக்கத்தில், யாருடைய தலையும் கையும் முட்டாத உயரத்தில், உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். அக்கா வந்து கீழே கையை நீட்டிப் பார்த்து, இளஞ்சூடுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு அத்தான் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இதென்ன மச்சான், தோசைக்கல்லைத் தலைகீழாய்க் கொழுவியிருக்கிறாய்?"

விளையாடத் தொடங்கினோம். மா அசையவில்லை. பியூஸ் போகவில்லை. மீன் உறைந்தபடியே இருந்தது. குளிருக்கு முதுகு விறைத்தது, ஆனால் போர்ட்டின்மேல் மட்டும் ஒரு நல்ல வெக்கை நின்றது. அத்தானின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. ஒரு தரம் அவருடைய ஸ்ட்ரைக்கர் போர்ட்டின் நடுவரைக்கும் போனது. அப்படியே வாராவாரம் வந்தார். மார்கழியில் குளிர் இன்னும் கூடியது, அவர் ஒரு ஞாயிறையும் விடவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஹீட்டரின் அளவை எப்படித் தெரிவுசெய்வது என்று, கேட்காதவர்களுக்கும் வகுப்பெடுத்தேன். சென்னைத் தம்பி மரியாதைக்குத் தலையாட்டுவார். மண்டபக்காரர் தன் ஒன்பது கிலோவாட்டில் கோப்பையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

தைப்பொங்கலுக்குக் கிட்டிய ஒரு ஞாயிறு. சென்னைத் தம்பியின் முறை. அவர் ஒரு காயைக் குறிவைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். தன் முறைக்குக் காத்திருந்த அத்தான், போர்ட்டின் ஓரத்தில் கையை வைத்தபடி சொன்னார்.

"மச்சான், உன்ரை ஹீட்டர் கூடிப்போச்சு. குறை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னத்தைக் குறைக்கிறது அத்தான்? ஒண்டு பொம்மை எண்டியள். ஒண்டு எருமை எண்டியள். ஒண்டு மாவைப் பறக்கவிட்டுது. இப்பதான் ஒண்டு சரியான சைஸிலை வந்திருக்கு. கடையிலை இதைவிடச் சின்னன் இல்லை. இதுக்கும் நொட்டை சொன்னா நான் எங்கை போய்..."

"கை சுடுதடா."

"சுட்டா எடுங்கோவன் கையை!"

எடுத்தார். போர்ட்டிலிருந்து வெடுக்கென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். நான் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். சென்னைத் தம்பி ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணா" என்றார் அத்தானைப் பார்த்து, மெதுவாக. "எந்தக் கை?"

எல்லோரும் பார்த்தோம். அத்தானும் குனிந்து பார்த்தார். மடியில் கிடந்தது வலது கை. இடது கை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி, முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் கோப்பையை வைத்தார். வலது கையைத் திரும்பவும் போர்ட்டில் கொண்டுபோய் வைத்தார். இடது கையின் உதவி இல்லாமல், தோளால் தள்ளித் தள்ளி. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அசையாமல் இருந்தார்.

"ஓம்" என்றார். "சுடுது."

மண்டபக்காரர் எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பினார். அத்தான் தலையை நிமிர்த்தாமலே அவரை மறித்தார்.

"அவளைக் கூப்பிடாதேங்கோ அண்ணை. வந்தா அழுவா." அப்படிச் சொன்னவரின் மூக்கிலிருந்தே ஒரு துளி போர்ட்டில் விழுந்து மாவில் ஒட்டிக்கொண்டது. "மச்சான், இவ்வளவு நாளும் பெரிய கணக்கெல்லாம் போட்டுக் கடைசியிலை பிழையான சைஸ் வாங்கிப்போட்டாய்."

"ஓம் அத்தான்" என்றேன். "பிழையான சைஸ்தான்."

சூட்டைக் குறைக்க எழுந்து கையை உயர்த்தினேன்.

"குறைக்காதை" என்றார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."